கட்டத்தின் அளவு

ஜூன் 3, செவ்வாய்

மழை. விடியலில் பிடித்தது, பகல் சோற்றுக்கும் விடவில்லை. ரப்பர் மரம் நனைந்திருந்தால் பால் வெட்டு இல்லை, பால் வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்கு வேலைப் பதிவில் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. அம்மா நாள் முழுக்க வீட்டில். வீட்டில் என்றால் என் முதுகுக்குப் பின்னால்.

செய்ய வேண்டியவை:
ஆராய்ச்சி சேருக்கு மாத அறிக்கை (ஒரு வரிகூட இல்லை)
சார்ஜர் வயருக்கு டேப்
அம்மாவின் கிளினிக் கார்ட் எங்கே என்று தேடல்
துணி காயப்போட இடம்

செய்தது: டேப்.

கிளினிக் கார்டை அம்மாவே ஒளித்து வைத்திருப்பாள் என்று சந்தேகம். 12ஆம் திகதி வியாழக்கிழமை இரத்தினபுரி பெரிய ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆக வேண்டும். பேஸ்மேக்கர். அம்மாவின் நெஞ்சு மெதுவாகத்தான் அடிக்கிறது, இடையிடையே ஒரு துடிப்பு வராமலே போகிறது. போன மாதம் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது கண் இருட்டி, மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றிருக்கிறாள். இன்றைக்கே செய்ய வேண்டிய அவசரம் இல்லை, ஆனால் தள்ளிப்போட வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் நான் கம்பஸை விட்டு இங்கே வந்து உட்கார்ந்திருப்பது.

அம்மாவுக்குப் பயம். வெளியே சொல்ல மாட்டாள். ஆனால் கரண்ட் போகும்போதெல்லாம் "அந்த மிசினும் இப்படி நின்னுருமா புள்ள?" என்று கேட்கிறாள். அதற்குள் பட்டரி இருக்கிறது என்று சொன்னேன். "பட்டரி முடிஞ்சா?" மாற்றுவார்கள். "மாத்துற நேரத்துல?" பதில் சொல்லி முடியவில்லை. எரிந்து விழுந்தேன். பிறகு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

ஜூன் 4, புதன்

மழை. கரண்ட் காலையில் போய் மத்தியானம் வந்து மறுபடி போனது. கொப்பு ஒன்று வயரில் விழுந்திருக்கிறதாம்.

கம்பஸில் இருக்கும் பெரிய கம்பியூட்டரோடு தொடர்பு கிடைக்கவே இல்லை. போன் சிக்னல் ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் கல்லில் ஏறினால் மட்டும். குடையைப் பிடித்துக்கொண்டு, லேப்டொப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, வழுக்கும் கல்லில். ஏறினேன். கணக்கு பாதி ஓடித் தொடர்பு அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. மூன்று தடவை. அட்டை வேறு. கணுக்காலில் இரத்தம்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஆள். மேல் லயத்து வரிசை வீட்டு மாரிமுத்து அண்ணன், கையில் சுருட்டிய ஈசிஜி தாள். "டொக்டரம்மா, இத ஒருக்கா பாத்துச் சொல்லுங்க." நான் டொக்டர் இல்லை என்று இந்தத் தோட்டத்துக்கு எத்தனை தடவை சொல்வது. கணக்குப் படித்தவள். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தது கிடையாது. சொன்னால் "சும்மா சொல்லாதீங்க, ஒங்கம்மாதான் சொன்னாங்க, நீங்க நெஞ்சுக்குக் கரண்டு குடுக்கிற படிப்புன்னு" என்கிறார். தாளைப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

பக்கத்து வீட்டுச் சின்னம்மா, அம்மாவின் தங்கை, இதையெல்லாம் வேலியில் நின்று கேட்டுவிட்டு உள்ளே வந்தாள். "அப்ப நெசமா என்னாதான் செய்ற அதுல?"

சரி, சொன்னேன். நெஞ்சுத் தசையில் ஒரு சதுரத் துண்டு வெட்டி எடுத்ததாக வைத்துக்கொள். அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கணக்கு. நடுவில் ஒரு இடத்தில் மின்சாரம் ஒரு தட்டு தட்டுகிறோம். தட்டின இடத்திலிருந்து அலை நாலு பக்கமும் பரவினால் தசை துடித்தது என்று அர்த்தம். பரவாவிட்டால் தட்டினது வீண். எவ்வளவு பலமாகத் தட்டினால் பரவும், வயதான தசையில், தழும்பு விழுந்த தசையில் எவ்வளவு வேண்டும், அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

"அதுக்கா ரெண்டு வருசம்?"

அதற்குத்தான் சின்னம்மா.

பெரிய கம்பியூட்டரை நம்பிப் பயனில்லை. என் லேப்டொப்பிலேயே ஓட்டுவது என்று முடிவு. கட்டங்கள் அத்தனை பொடியாக இருந்தால் பட்டரி செத்துப்போகும், கணக்கு முடியாது. அதனால் கட்டத்தை நான்கு மடங்கு பெரிதாக்கினேன். ஓடுகிறதா என்று பார்க்கத்தான். பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஓடுகிறது. அப்பாடா.

ஜூன் 5, வியாழன்

தூறல். அப்பா ஸ்டோரில், ரப்பர் உலர்த்தும் புகைக்கூட்டில் வேலை. உடம்பெல்லாம் ரப்பர் வாடையோடு வந்து, சாப்பிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி போய்விட்டார். அந்த மனுசனின் அமைதி சில நாள் எனக்குப் பிடிக்கும். இன்றைக்கு இல்லை.

நல்ல தசையை ஓட்டினேன், பரவியது. பிறகு வயதான தசை. செல்லுக்கும் செல்லுக்கும் இடையில் தொடர்பைக் குறைத்தேன். திரையில் தட்டின இடம் சிவந்தது. சுற்றிலும் நீலம் அப்படியே. சிவப்பு மங்கி அதுவும் நீலமாகியது. தட்டைப் பலமாக்கினேன். அதே கதை. இன்னும் பலம். இல்லை. எவ்வளவு கொடுத்தாலும் பரவவில்லை.

முதலில் சந்தோசம். (இதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.) இது பெரிய விசயம். வயதான தசையில் ஒரு எல்லைக்கு மேல் பேஸ்மேக்கர் எவ்வளவு தட்டினாலும் பிடிக்காது என்றால், அது ஒரு கட்டுரை. இரண்டு வருடத்தில் முதல் கட்டுரை.

அடுத்த நிமிடம் அந்தச் சந்தோசம் போய்விட்டது. ஏனென்றால் நான் அந்தத் தசைக்குப் போட்ட துடிப்பு வேகம் அம்மாவின் வேகம். அரிசி மூட்டைக்கு அடியில் கிடைத்த கார்டில் இருந்த எண்ணையே எடுத்துப் போட்டிருந்தேன், சும்மா, விளையாட்டாக. கோப்புக்குப் பெயரும் அப்படித்தான் வைத்தேன்: அம்மா.

அம்மா பின்னால் நின்றுகொண்டிருக்கிறாள் என்று தெரியாது. கையில் அரிசி களைந்த சட்டி.

"மேல என்னா எழுதியிருக்கு, அம்மான்னா?"

"பேருதான். சும்மா."

"அது என் நெஞ்சா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "உன்ன மாதிரி ஒரு நெஞ்சு" என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை நான்.

"இன்னொருக்கா போடு பாப்பம்."

போட்டேன். சிவந்தது. மங்கியது.

"அணைஞ்சு போச்சே" என்றாள். அரிசியை அடுப்பில் வைக்கப் போய்விட்டாள். நான் என்னவாவது விளக்கியிருக்கலாம். அடுத்த எண்ணைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

கல்லில் ஏறிச் சேருக்குப் படங்கள் அனுப்பினேன். நீளமாக எழுதினேன், அழித்துச் சுருக்கமாக எழுதினேன். மாலை வரை பதில் இல்லை. சேர் வெளிநாட்டில், ஏதோ கூட்டம். பதில் வரும் என்று கல்லிலேயே நின்றால் நனைந்து சளிதான் பிடிக்கும்.

இன்றும் அதே கணக்கு. பரவவில்லை, பரவவில்லை, பரவவில்லை. எதையெதையோ மாற்றினேன். தசைக்குள் போகும் உப்புகளின் அளவு, தட்டின் நீளம், தட்டின் இடம். அம்மாவின் நெஞ்சுக்குள் கம்பி போட்டுவிட்டு, அது தட்டிக்கொண்டே இருக்க, தசை கேட்காமலே இருந்தால்? டொக்டர்களுக்குத் தெரியாமலா வைக்கிறார்கள். தெரிந்துதான் வைப்பார்கள். ஆனால் என் படம்?

வெள்ளிக்கிழமை என்று அம்மாவும் சின்னம்மாவும் மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். பூக் கட்டிப் பார்க்க. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எனக்கு வந்த கோபம்! இந்தக் காலத்தில் ஒரு சத்திரசிகிச்சையைப் பூவைக் கேட்டு முடிவு செய்கிறார்கள். வாசலில் வைத்தே கேலி செய்தேன். "டொக்டரு அஞ்சு வருசம் படிச்சிட்டு வந்ததுக்கு, அஞ்சு வயசுப் புள்ளயக் கேட்டா போதுமா?"

சின்னம்மாவுக்குக் கோபம். அம்மா பூப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பி வந்து நெற்றியில் குங்குமத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன பூ வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதை மதித்ததாகிவிடும்.

"ஒன் கம்பியூட்டரு என்னா சொல்லுது?"

"இன்னும் பாக்கணும்."

"நேத்து அணைஞ்சிச்சே, அது சரியாயிருச்சா?"

"இல்லம்மா. கொஞ்சம் பொறும்மா. சேர் பதில் போடட்டும். அவசரப்பட வேணாம்."

சொன்னது இவ்வளவுதான்.

ஜூன் 7, சனி

மழை விட்டுவிட்டுப் பெய்தது. அம்மா இன்று நல்ல குசி. பலாக்காய் வெட்டிக் கறி வைத்தாள், பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தாள். ஏன் என்று யோசிக்கவில்லை. நான் கட்டுரைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். என் பெயர் முதலில், சேரின் பெயர் கடைசியில். வெட்கம்தான். ஆனாலும் யோசித்தேன்.

சேர்: பதில் இல்லை.

ஜூன் 9, திங்கள்

நேற்று எழுதவில்லை. ஒன்றும் இல்லை எழுத.

இன்று அப்பா லீவு போட்டுவிட்டு இரத்தினபுரிக்குப் போய் வந்திருக்கிறார். கஹவத்தைக்கு நடந்து, அங்கேயிருந்து பஸ். யாரும் எனக்குச் சொல்லவில்லை. வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "திகதிய விட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன்" என்றார்.

எந்தத் திகதியை?

"அம்மாவுக்குக் குடுத்த திகதிதான். நீதான பொறுக்கச் சொன்ன?"

பொறு என்றுதான் சொன்னேன். விட்டுக் கொடு என்று எப்போது சொன்னேன்? அப்பாவிடம் கத்தினேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அவர் என்னைப் பார்த்த பார்வை. "ஒன்னக் கேட்டுத்தான செஞ்சோம்" என்றார். அந்த மனுசன் ஒரு நாளைக்குப் பேசுவதே அவ்வளவுதான்.

பிறகு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சேரிடம் கேட்டுவிட்டு, டொக்டரிடமும் படத்தைக் காட்டிவிட்டு, வேறு திகதி எடுக்கலாம். தப்பில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம்.

தூக்கம் சரியில்லை.

ஜூன் 10, செவ்வாய், போசன் போயா

பௌர்ணமி விடுமுறை, மழை இல்லை! கீழே சிங்களக் கிராமத்துச் சந்தியில் தன்சல், இலவசச் சாப்பாட்டுப் பந்தல். மரவள்ளிக்கிழங்கும் லுணுமிரிஸ் சம்பலும். தோட்டமே வரிசையில். சின்னம்மா இரண்டு தடவை வரிசையில் நின்று வாங்கி வந்தாள், இரண்டாம் தடவை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. உறைப்பு. நல்ல உறைப்பு.

கல்லில் ஏறினேன். நதீஷாவின் அழைப்பு. கம்பஸில் என்னோடு ஒரே அறையில் வேலை செய்பவள், எஹலியகொடக்காரி, வீட்டில் வெசாக் விளக்குக் கூடு இன்னும் கழற்றவில்லை என்று சிரித்தாள். நாங்கள் இருவரும் சிங்களத்தில்தான் பேசுவது. படங்கள் அனுப்பியிருந்தேன் அவளுக்கும். பெருமைக்குத்தான் அனுப்பினேன்.

பார்த்தேன் என்றாள். பிறகு சாதாரணமாக, தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று கேட்கிற மாதிரி: கட்டம் எவ்வளவு?

சொன்னேன்.

சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

"ஒயாட பிஸ்ஸுத?" என்றாள். உனக்குப் பைத்தியமா.

எனக்கும் அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. அவள் மேற்கொண்டு சொன்னதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். முதல் வருடத்தில் முதல் கிழமையில் சொல்லித் தருவது. அலையின் முன்பக்கம் மெல்லியது. கட்டம் அதைவிடப் பெரிதாக இருந்தால் அலை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாண்ட முடியாமல் அங்கேயே செத்துவிடும். தசையால் அல்ல. கட்டத்தால். நல்ல தசை எப்படியோ தப்பித்துப் பரவிவிடும், தொடர்பு குறைந்த தசை தப்பாது. நான் அதற்கு வயது என்று பெயர் வைத்தேன். தழும்பு என்று பெயர் வைத்தேன். அம்மா என்று பெயர் வைத்தேன்.

ஓடிவந்து வீட்டில் கட்டத்தைப் பழையபடி பொடியாக்கினேன். துண்டையும் சிறிதாக்கினேன், பட்டரி தாங்கட்டும் என்று. கரண்ட் இருந்தது, இன்றைக்குப் பார்த்து இருந்தது. ஒரு மணித்தியாலம் ஓடியது. அதே வயதான தசை. முதல் தட்டு, இருப்பதிலேயே மெல்லிய தட்டு.

பரவியது. மெதுவாக, ஆனால் ஒரு மூலை விடாமல். திரை முழுக்கச் சிவப்பு.

இன்னொரு தடவை ஓட்டினேன். பரவியது.

வெளியே சின்னம்மா பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் கழுவுகிறாள். சின்னம்மாவின் பாட்டு, தன்சல், போயா, மழையில்லாத வானம், எல்லாவற்றின் மேலும் ஆத்திரம். என் மேல்தான் ஆத்திரம். அதை எங்கே போடுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 11, புதன்

காலையில் அம்மாவிடம் சொன்னேன். சுற்றி வளைத்து, கட்டம், அலை, பட்டரி என்றெல்லாம். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அணையலயா?"

"அணையலம்மா. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். மிசின் வேல செய்யும். நாளைக்கே போவம். கெஞ்சியாவது திகதிய வாங்குவம்."

"சரி."

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோபப்பட்டது சின்னம்மா. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "அன்னைக்கு என்னா பூ வந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா? வெள்ளப் பூ. அம்மனே போன்னு சொல்லிருச்சு. நான் கும்புட்டு வந்தேன். ஒங்கம்மாதான் சொன்னா, அம்மன் சொன்னா சொல்லட்டும், எம்புள்ள படிச்சிருக்கு, அது பொறுக்கச் சொல்லுது, நான் பொறுக்குறேன்னு."

அம்மா: "சும்மா இரு, வாய மூடு."

கோயிலில் வந்த வெள்ளைப் பூவை ஒதுக்கிவிட்டு என் படத்தை நம்பியிருக்கிறாள். அந்தப் பூவைக் கேலி செய்தவள் நான். பூ சரி என்று இப்போதும் சொல்ல மாட்டேன். பூவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. பூ அதைக் கட்டுரையாக எழுதப் பார்க்கவில்லை, அவ்வளவு வித்தியாசம்.

பகல் சாப்பிடவில்லை.

ஜூன் 12, வியாழன்

இன்றுதான் அந்தத் திகதி.

முதல் பஸ். நானும் அம்மாவும். மழை ஒழுகும் பஸ், நின்றுகொண்டே. நகர்ந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தது ஒரு சிங்களப் பெண், அவள் மடியில் கோழிக்கூடு. அம்மா வழி முழுக்க அந்தப் பெண்ணோடு சிங்களத்தில் கோழி விலை பேசிக்கொண்டே வந்தாள். சிரித்தாள்கூட. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கிளினிக்கில் கூட்டம். தாதி மிஸ் நல்லவர். கோபப்படாமல் சொன்னார்: நீங்கள் விட்டதும் அடுத்தவருக்குக் கொடுத்தாயிற்று, அவர் உள்ளே போய்விட்டார், அவரை எழுப்பி அனுப்ப முடியுமா? பெயர் எழுதிக்கொண்டார்கள். அடுத்த இடம் வந்ததும் போன் வரும். அதுவரை தலை சுற்றினால், விழுந்தால், உடனே வரவேண்டும். பாரமான வேலை வேண்டாம். ஏன் விட்டீர்கள் என்று ஒரு தடவை கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, "பயந்துட்டேன் மிஸ்" என்றாள்.

விடச் செய்தது பயம் இல்லை, என் பேச்சு என்று நான் சொல்லவில்லை. அந்த வரிசையில் நின்றுகொண்டு எதைச் சொல்வது.

டவுனில் சிக்னல் நன்றாக வருகிறது. பஸ் ஸ்டாண்டில் போன் கத்தியது. சேரின் பதில். ஆறு நாள் கழித்து, ஒரு வரி: படங்கள் பார்த்தேன், முதலில் கட்டத்தின் அளவைச் சொல்லுங்கள்.

பஸ் ஸ்டாண்டிலேயே சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும்.

ஜூன் 13, வெள்ளி

வெயில். நல்ல வெயில். பிரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, கூப்பிட்டாயிற்று. அம்மா பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள்.

மறித்தேன். பெரிய சண்டை. மிஸ் சொன்னதைச் சொன்னேன். அம்மா: "மழையில ஒரு பேரும் இல்ல. வெட்டுறது பாரமான வேலையா? மரம்தான் நிக்குது, நான்தான் சுத்துறேன்." போகாதே என்றேன். டொக்டர் சொன்னது என்றேன். கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"நீ நில்லுன்னா நிக்கிறேன், போன்னா போறேன். ஒரு நாளைக்காவது நானா ஒண்ணு செய்யக் கூடாதா?"

போய்விட்டாள். அப்பாவிடம் சொன்னேன், தடுத்திருக்கலாமே. "ஒங்கம்மாவ யாரு தடுக்கிறது" என்றார். போன் வரும் என்று நாள் முழுக்கக் கல்லில். போன் வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மா பின்னேரம் வந்தாள், வியர்த்து, குசியாக, நல்லாத்தான் இருக்கேன் என்று காட்டுவதற்காக இரண்டு குடம் தண்ணீர் தூக்கினாள். கத்தினேன். பக்கத்து லயத்துக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஜூன் 14, சனி

ஆஸ்பத்திரியில் இருந்து. வாட்டு வாசல் பெஞ்சு. எழுத்து கோணல்.

இன்றும் வெட்டப் போய், காலையில் மலையில் விழுந்துவிட்டாள். சின்னம்மா அடுத்த வரிசை மரத்தில். "நானும் அவளும் கதச்சிக்கிட்டே இருந்தோம். பதிலக் காணோமேன்னு திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். பால் வாளி உருண்டு கெடக்குது." நெற்றியில் அடி. பேச்சு மூச்சு இல்லை, கொஞ்ச நேரம். பிறகு கண் திறந்து, பால் கொட்டிருச்சா என்று கேட்டிருக்கிறாள்.

தோட்டத்து லொறியில், சின்னம்மாவின் மடியில் தலை. நான் காலைப் பிடித்துக்கொண்டு. நாடியைப் பார்த்தேன், விரலை அழுத்தி. ஒன்று. எதிர்பார்க்கிறேன். வரவில்லை. வரவில்லை. பிறகு ஒன்று.

பாதை முழுக்க மனதுக்குள் ஒரே வேலைதான். அடுத்ததை எதிர்பார்ப்பது.

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். தற்காலிகக் கம்பி ஒன்று கழுத்து வழியாகப் போடுவார்கள் என்று ஒரு டொக்டர் சொல்லிவிட்டு ஓடினார். அப்பா வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். முகம் துடைக்கும் தன் லேஞ்சியை எடுத்து என் கையில் வைத்தார்.

ஜூன் 15, ஞாயிறு

பார்க்க விட்டார்கள். கழுத்தில் பஞ்சு ஒட்டியிருக்கிறது, வயர் ஒன்று வெளியே வந்து ஒரு சின்னப் பெட்டிக்குள் போகிறது. குமிழ்கள். நெற்றியில் தையல். நிறம் திரும்பியிருக்கிறது.

தலைக்கு மேல் திரை. ஒரு செங்குத்துக் கோடு, உடனே அகலமான ஒரு துடிப்பு. கோடு, துடிப்பு. பெட்டி தட்டுகிறது, தசை கேட்கிறது. இரண்டு வருடமாக இதைத்தான் வரைகிறேன், உண்மையில் பார்ப்பது இன்றுதான். ஒரு ஆச்சரியமும் வரவில்லை. எண்ணிக்கொண்டே நின்றேன். ஒன்றுகூடத் தவறவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தும் நகராமல் நின்று ஏச்சு வாங்கினேன்.

சின்னம்மா கோயில் குங்குமம் கொடுத்தனுப்பியிருந்தாள். பூசிவிட்டேன்.

சேருக்கு ஒரு வரி பதில் போட்டேன்: கட்டம் பிழை, படங்களை விட்டுவிடுங்கள். காரணம் எழுதவில்லை.

ஜூன் 16, திங்கள்

மழை. பகல் பார்வையாளர் நேரம். அம்மாவுக்குப் பப்பாளி வெட்டிக் கொண்டுபோனேன். அப்பா வரவில்லை, ஸ்டோரில் லீவு இல்லை.

நான் நிற்கும்போதே டொக்டர் வந்தார். இளம் ஆள், சிங்களவர். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. பெட்டியைப் பரிசோதிக்க வேண்டும், கொஞ்சம் தலை சுற்றலாம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சிங்களத்தில் சரி என்றாள்.

என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியும். தட்டின் பலத்தைக் குறைத்துக்கொண்டே போவது, எந்த இடத்தில் தசை கேட்காமல் போகிறது என்று பார்ப்பது, உடனே கூட்டி அதற்கு இரு மடங்கில் வைப்பது. என் கணக்கே அதுதான்.

குமிழைத் திருப்பினார். கோடு, துடிப்பு. கோடு, துடிப்பு. இன்னும் கொஞ்சம். கோடு, துடிப்பு. இன்னும். கோடு. கோடு. கோடு.

துடிப்பு இல்லை.

அம்மாவின் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. என் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நல்லாத்தான புள்ள இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

டொக்டர் திருப்பினார். துடிப்பு வந்தது. முழுதாக எத்தனை நொடி என்று தெரியாது.

"பொய் சொல்ற" என்றாள் அம்மா. "நெஞ்சு எங்கயோ போய்ட்டு வந்துச்சு. எனக்குத் தெரியாதா."

நான் வாயைத் திறந்தேன். இது சோதனை, அப்படித்தான் செய்வார்கள், ஆபத்து இல்லை, இந்தத் தடவை எனக்கு நிச்சயமாகத் தெரியும், எல்லாம் சொல்ல இருந்தது. அதற்குள் டொக்டர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார், புதன்கிழமை நிரந்தரமானதை வைத்துவிடலாம், சம்மதமா என்று. அம்மாவைக் கேட்டுவிட்டு என் பக்கமும் பார்த்தார், மகள் என்று.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. அவரைப் பார்த்தே, "தான்ன மஹத்தயா" என்றாள். போட்டுவிடுங்கள்.

பிறகு பப்பாளியைக் கேட்டாள். கொடுத்தேன். சாப்பிட்டாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.